நான்காவது வாயிலில் நின்றவன்

வாசலில் இருந்த சோதனைக் கதவு 'கீ...ங்' என்று அலறியது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. மாடியில் கணினித் திரைகளுக்குள் தலையைப் புதைத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

அந்த அலறலையும் அமுக்கிக்கொண்டு ஒரு மனிதக் குரல் எழுந்தது.

"குண்டு கிண்டு ஒண்ணுமில்லீங்க! என்ற பையனோட வெளையாட்டுச் சாமானு! பிரிச்சு வேணா பாருங்கோ!"

கீழே அடிதடி என்றுதான் சாருலதா நினைத்தாள். படியிறங்கி வந்து பார்த்தால் அடியும் இல்லை, தடியும் இல்லை. காவலாளி நாற்காலியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே அறுபதை எட்டிப் பிடிக்கும் வயதில் ஒருவர், மடித்துத் தேய்த்த வெள்ளைச் சட்டையும் புறங்கைகளில் பழைய தீக்காயத் தழும்புகளுமாக நின்றிருந்தார். மேஜை மேல் ஒரு கன்ட்ரோலரும் தலையில் மாட்டும் கண்ணாடியும். கோபமே இல்லாத முகம். குரல் மட்டும் பக்கத்துத் தெருவுக்குப் பேசுவது போல இருந்தது.

"இந்த 'நிழற்கோட்டை'ங்கிற கேமை எழுதினது யாருங்க? அவங்களைப் பாக்கோணும்."

"நான்தாங்க. சொல்லுங்க ஐயா."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அரக்கர்களைப் படைக்கிறவள் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருப்பாள் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

"எம்பேரு ஆறுச்சாமிங்க அம்மிணி. பம்பு வார்க்கற பவுண்டரில மோல்டிங் செக்சன். முப்பத்தோரு வருசமா மெசின் சத்தத்துல நின்னு காது போச்சு, அதான் கத்தறேன், தப்பா எடுத்துக்காதீங்கோ. இது என்ற பையன் மிதுனோடது. இருவத்திரெண்டு வயசு. ரத்தத்துல புத்து. ஏழு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தான். போன ஐப்பசில போயிட்டான்."

இதையும் அவர் அதே உரத்த குரலில்தான் சொன்னார். வரவேற்பறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"படுக்கையில கெடந்தபடி இதைத்தான் ஆடிக்கிட்டிருந்தான். மூணு அரக்கனைக் கொன்னுட்டான், நாலாவது பாக்கின்னு சொன்னான். அந்த நாலாவது ஆளை நான் ஒருக்கா பாக்கோணும். முடிஞ்சா அவனுக்குப் பதிலா நான் முடிச்சு வெக்கோணும். வூட்ல போட்டா கடவுச்சொல் கேக்குது. அதான் நேராவே வந்துட்டேன்."

சாருலதா தயங்கினாள், ஆனால் மறுக்க மனம் வரவில்லை. வரவேற்பு ஏட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை மாடிக்கு அழைத்துப் போனாள்.

அவளுடைய தயக்கத்துக்கு ஒரு காரணம் இருந்தது. திங்கட்கிழமை நிர்வாகக் கூட்டம். அங்கே பேசப்போவதே அந்த நாலாவது அரக்கனைப் பற்றித்தான்.

'நிழற்கோட்டை'யில் நான்கு வாயில்கள். முதல் மூன்றில் நிற்கும் அரக்கர்களைச் சாருலதாவே எழுதினாள். ஏரியைக் குடித்துவிட்டுத் தாகம் தீராமல் அலையும் ராணி, பகல் வெளிச்சத்தைப் படி அளந்து விற்கும் வணிகன், சொந்தப் படையையே கல்லாக்கிய தளபதி. ஒவ்வொருவருக்கும் ஒரு வரலாறு உண்டு, ஒரு நியாயமும் உண்டு. நான்காவது வாயிலில் நிற்பவன் 'முகமிலி'. அவனை யாரும் எழுதவில்லை. விளையாடுகிறவரின் வாழ்க்கையிலிருந்து இயந்திரமே அவனை வளர்த்தெடுத்தது. ஆளுக்கொரு முகமிலி. விளம்பரமே அதுதான்: 'உங்கள் அரக்கன் உங்களுக்கு மட்டும்.'

ஆனால் கடிதம் மேல் கடிதம் வந்தது. 'முதல் மூவரும் கதைக்காக உழைக்கிறார்கள். நான்காமவன் வந்ததும் கதை அப்படியே நின்றுபோகிறது. அவன் எதற்கு?' என்று ஒருவர் எழுதியிருந்தார். புள்ளிவிவரமும் அதையே சொன்னது. கடைசி வாயில் வரை வருபவர்களில் நூற்றுக்கு நாற்பத்தொரு பேர் சண்டை போடாமலே திரும்பிப் போகிறார்கள். பயம் அளவு மீறிவிட்டது, குறைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி. அவனையே தூக்கிவிட்டு நாலாவதையும் சாருலதாவை எழுதச் சொல்லலாம் என்று இன்னொரு கட்சி.

சோதனை அறையில் ஜெரோம் இருந்தான். முகமிலியை வளர்க்கும் இயந்திரத்தைக் கட்டியவன் அவன்தான். ஆறுச்சாமியை நாற்காலியில் உட்காரவைத்து, மிதுனின் கணக்கைத் திறந்தான். சாருலதா குனிந்து, "முகமிலி யார்கிட்டேருந்து வந்திருக்கான், பாரு" என்றாள்.

ஜெரோம் சில விசைகளைத் தட்டினான். ஒரு காதில் ஹெட்போனை வைத்துக் கேட்டான். அவன் முகம் மாறியது. அதை அவள் காதில் வைத்தான்.

"நிமிந்து நில்லுடா! கை ஏன்டா நடுங்குது? ஆம்பளையா நீ?"

குரலை இயந்திரம் கொஞ்சம் கரகரப்பாக்கியிருந்தது, அவ்வளவுதான். அந்தக் குரலின் சொந்தக்காரர் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, "ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கறீங்களா தம்பி, சளி புடிச்சுக்கும்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"அடக் கடவுளே" என்றான் ஜெரோம் உதடு அசையாமல். "என்ன பண்றது அக்கா?"

"பொம்மையைப் போடு."

பொம்மை என்பது சோதனைக்காக வைத்திருந்த வெற்று அரக்கன். யாருடைய சாயலும் இல்லாதவன். நாலு உறுமல் உறுமுவான், எட்டு அடியில் விழுந்துவிடுவான். மகனை இழந்தவர் எட்டு அடி அடித்துவிட்டு, மனசு ஆறி ஊர் போய்ச் சேரட்டும் என்று சாருலதா கணக்குப் போட்டாள்.

ஆறுச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். உறுமலைக் கேட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இவன் இல்லீங்க அம்மிணி."

"இவன்தாங்க ஐயா. நாலாவது வாயில்..."

"இல்லீங்க. அவன் பேசறவன். என்னையாட்டப் பேசறவன்."

ஜெரோம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆறுச்சாமி அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவளுக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்னு தெரியாம மறைக்கறீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஒருநா டீ வாங்கப் போயிட்டுத் திரும்பி வந்தனுங்க. ஒயரு கழண்டு போயி சத்தம் வெளியில கேக்குது. 'நிமிந்து நில்லுடா'ன்னு ஒரு அரக்கன் அதட்டறான். என்ற கொரலு. பத்தாம் வகுப்புல மார்க்கு கொறைஞ்சப்ப நான் திட்டின அதே திட்டு, ஆஸ்பத்திரில ஊசி போடறப்பவும் அதையேதான் சொன்னேன். எட்டிப் பாக்கறேன், மிதுன் தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கான். என்னையப் பாத்ததும் படக்குன்னு அமத்திட்டான். நானும் கேக்கலை, அவனும் சொல்லலை. ரெண்டு பேரும் டீயைக் குடிச்சோம்."

"ஐயா, அது மெஷின் பண்றதுங்க. அவரு வேணும்னு..."

"பக்கத்துக் கட்டில் பையன்கிட்ட வெசாரிச்சனுங்க. அவனும் இதை ஆடறவந்தான். 'யாரைக் கண்டா நமக்கு ரொம்பப் பயமோ, கடைசில அவங்கதான் வருவாங்க தாத்தா'ன்னு சொன்னான்."

தழும்பேறிய கைகளைத் தொடையில் அழுத்திக்கொண்டு அவர் தொடர்ந்தார்.

"அவன்கிட்ட நான் மெதுவாப் பேசினதே இல்லீங்க. சோறு சாப்பிட்டியான்னு கேட்டாக்கூட ஊரே திரும்பிப் பாக்கும். இன்ஜினியரிங் படின்னு கத்தினேன். கேம் ஆடாதேன்னு கத்தினேன். பயந்துக்கிட்டேதான் வளந்திருக்கான், எனக்குத்தான் தெரியலை. சாகறப்பவும் இந்த ஆட்டத்துல அவனுக்கு எதிர்ல அரக்கனா நாந்தான் நின்னிருக்கறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் கையால நான் தோக்கோணும் அம்மிணி. அதுக்குத்தான் வந்தேன். உள்ளதை உள்ளபடி போடுங்கோ."

சாருலதா ஜெரோமைப் பார்த்துத் தலையசைத்தாள்.

திரையில் நான்காவது வாயில் திறந்தது. கருங்கல் மண்டபம். நடுவில் முகமில்லாத உயர்ந்த உருவம். இந்தப் பக்கம் மிதுனின் வீரன், ஒல்லியாக, தலைமுடி இல்லாமல். மருந்தில் முடி கொட்டிய பிறகு தன் வீரனுக்கும் மொட்டை போட்டுவிட்டிருந்தான் போல. ஆறுச்சாமி அந்தத் தலையைத் தொடப் போகிறவர் போல ஒரு கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார்.

"வந்துட்டியா? நிமிந்து நில்லுடா!" என்றது முகமிலி.

"வெட்டறதுக்கு எந்தப் பொத்தானுங்க?"

"வலது பக்கம், மேல" என்றான் ஜெரோம்.

அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். வீரன் வெறும் கையோடு நின்றான். ஜெரோம் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு விளையாட்டில் மிதுனின் வீரன் சுமக்கும் மூட்டையைத் திறந்து பார்த்தான்.

"வாளே இல்லையே சார். மூணாவது வாயில்லயே கழட்டி வெச்சுட்டு உள்ள வந்திருக்கான்."

"கடைசிச் சண்டைக்கு எவனாவது வாளை வெச்சுட்டு வருவானா?" என்றாள் சாருலதா.

"வரமாட்டான். அதான் புரியலை."

"எத்தனை தடவை இங்க வந்திருக்கான்?"

"அறுபத்து மூணு தடவை. ஒரு தடவைகூட வாள் கொண்டு வரலை. முகமிலி பேசறதைக் கேட்டுட்டுத் திரும்பிப் போயிருக்கான்."

சாருலதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இவன் பதிவு எல்லாத்தையும் திற. முகமிலியை எதை வெச்சு வளர்த்துச்சோ, அது எல்லாத்தையும்."

"என்னத்தைங்க பாக்கறீங்க?" என்றார் ஆறுச்சாமி.

ஜெரோம்தான் விளக்கினான். "இந்த கன்ட்ரோலர் இருக்கில்ல சார், இது உள்ளங்கைல நாடித் துடிப்பைப் பாத்துக்கிட்டே இருக்கும். கண்ணாடில இருக்கற மைக், சுத்தி என்ன பேசறாங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். ஆரம்பத்துல 'சம்மதம்'னு ஒரு பொத்தான் வரும். யாரும் படிக்கமாட்டாங்க, எல்லாரும் அமுக்கிடுவாங்க. யார் குரல் கேட்டா துடிப்பு எகிறுதோ, அவங்களை மெஷின் குறிச்சுக்கும். அவங்கதான் முகமிலி."

"துடிப்பு ஏறுனா பயமுங்களா?"

ஜெரோம் சாருலதாவைப் பார்த்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கூட்டத்தில், வெள்ளைப் பலகையில், 'எவன் வந்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதோ அவனே அரக்கன்' என்று எழுதியது அவள்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அன்று மாலையே ஜெரோம் அதை விதியாக்கி இயந்திரத்துக்குள் எழுதிவிட்டான்.

"ஜெரோம், பிடியோட இறுக்கமும் பதிவாகுமே? கை எவ்வளவு அழுத்திப் பிடிக்குதுன்னு?"

"ஆகும். ஆனா நாம அதை எதுக்குமே எடுத்துக்கலை."

"இப்ப எடு. முதல்ல ராணி வர்ற இடம்."

திரையில் இரண்டு கோடுகள் வந்தன. ராணி வந்ததும் துடிப்பு ஏறியது, பிடி இறுகியது. வணிகனுக்கும் அப்படியே. தளபதிக்கும் அப்படியே. பயந்த கை இறுகத்தான் செய்யும்.

"இப்ப இவர் குரல்."

துடிப்பு ஏறியது. பிடி தளர்ந்தது.

ஜெரோம் வேறொரு நாளைத் திறந்தான். அதேதான். இன்னொரு நாள், அதேதான். பார்வை நேரம் நாலு மணியிலிருந்து ஆறு வரை. மூன்று ஐம்பதுக்கே துடிப்பு ஏறத் தொடங்கிவிடுகிறது. நாலு அடித்து, "என்னடா சாப்பிட்டியா!" என்று குரல் கேட்டதும் உச்சத்துக்குப் போகிறது. அந்த நொடியே கை இளகி, கன்ட்ரோலர் நழுவுகிற அளவுக்குத் தளர்ந்துவிடுகிறது.

அந்த நாற்பத்தொரு பேர்! பயந்து ஓடினார்கள் என்றல்லவா மூன்று வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்? ஓடவில்லை, வெட்டக் கை வராமல் திரும்பியிருக்கிறார்கள். யாருக்காக வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்களோ அவர்களைப் பிடித்து வந்து, அரக்கன் என்று எதிரில் நிறுத்தியிருக்கிறோம். முகமிலி கதையில் ஒட்டாததில் என்ன ஆச்சரியம்?

ஆனால் அது திங்கட்கிழமைப் பாடு. இப்போது எதிரில் இருக்கிற இந்த மனிதருக்குச் சொல்ல அவளிடம் ஒரு நல்ல செய்தி இருந்தது. இந்த ஏழெட்டு மாதத்தில் இவருக்கு யாரும் சொல்லியிராத செய்தி. அவள் நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, காது கேட்கவேண்டும் என்று தானும் சத்தமாகவே சொன்னாள்.

"ஐயா, மிதுன் உங்களைப் பாத்துப் பயப்படலை."

"ஆறுதலுக்குச் சொல்லாதீங்கோ அம்மிணி."

"இல்லீங்க. தப்பு எங்களோடது. பிரியமா இருந்தாலும் துடிப்பு ஏறும், எதிர்பார்த்துக் காத்திருந்தாலும் ஏறும். மெஷினுக்கு அதுல வித்தியாசம் தெரியலை. நாங்க சொல்லித் தரலை. இங்க பாருங்க, பயம்னா பிடியைக் காட்டற இந்தக் கோடு ஏறணும். உங்க குரல் கேட்டா இறங்குது. ஒவ்வொரு நாளும். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே உங்களை எதிர்பார்க்க ஆரம்பிச்சுடறாரு."

ஆறுச்சாமி துடிப்புக் கோட்டைப் பார்த்தார். பிறகு விரலை வைத்து அதன் மேலேயே மெதுவாக இழுத்துப் பார்த்தார், வார்ப்பில் பிசிறு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது போல.

"இது ஏறுனது நான் வர்றதுக்கு முந்தியுங்களா?"

"முந்தி. அதான் வாளை வெளியில வெச்சுட்டு உள்ள போயிருக்காரு. உங்களை வெட்டறதுக்குப் போகலை. நீங்க ஆறு மணிக்குக் கிளம்பினப்புறம் உங்க பேச்சைக் கேக்கறதுக்குப் போயிருக்காரு. திட்டா இருந்தாலும் அது உங்க குரல் இல்லீங்களா?"

அவருடைய முகம் மெல்ல மெல்ல இளகியது. கண்ணில் நீர் கோத்தது. "திட்டு வாங்கறதுக்குன்னே போயிருக்கானா?" என்றார். "கிறுக்குப் பய." அதில் சிரிப்பும் கலந்திருந்தது. ஜெரோம் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாரே தவிர, குடிக்கவில்லை.

சாருலதாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் கொடுக்கலாம், இவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்று தோன்றியது. கடைசிப் பக்கங்களைத் திறக்கச் சொன்னாள்.

"இதைப் பாருங்க ஐயா. கடைசி நாட்கள். ஐப்பசி ஒன்பதுலேருந்து பத்தொன்பது வரைக்கும். இந்தப் பதினொரு நாள் உங்க குரல் பதிவுல இல்லை. உங்களுக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்களா? அவரோட அம்மா பேசறது மட்டும் இருக்கு. ஆனா துடிப்பைப் பாருங்க. மூணு அம்பதுக்கு அதே மாதிரி ஏறுது. நாலரை வரைக்கும் ஏறினபடியே நிக்குது. அதுவரைக்கும் கன்ட்ரோலரைக் கையில சும்மா வெச்சிருந்தவரு, அதுக்கப்புறம் ஆட ஆரம்பிச்சு, மூணு வாயிலையும் தாண்டி, நேரா நாலாவதுக்குப் போயிடறாரு. விளக்கு அணைக்கிற வரைக்கும் அங்கயே உக்காந்திருக்காரு. முகமிலி பேசி முடிச்சதும் வெளிய வந்து, மறுபடி உள்ள போறாரு. பதினொரு நாளும் ஒரு நாள்கூட விடலை. அந்த அறுபத்து மூணுல பாதிக்கு மேல இந்த நாட்கள்தான். நீங்க வராத நாள்லகூட உங்க குரல் அவருக்கு வேண்டியிருந்திருக்கு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

ஆறுச்சாமி திரையில் இருந்த தேதிகளைப் பார்த்தார். உதடுகள் அசைய, ஒன்பது, பத்து, பதினொன்று என்று விரல் மடக்கி எண்ணினார். பத்தொன்பதில் நிறுத்தினார். மடியிலிருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு கீழே விழுந்து மேஜைக்கு அடியில் ஓடியது. யாரும் அதை எடுக்கவில்லை.

"ஐயா?" என்றாள் சாருலதா. "என்னாச்சுங்க?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தப் பதினொரு நாளும் நாலு மணிக்கு நான் கீழ ஆஸ்பத்திரி வாசல்லதானுங்க உக்காந்திருந்தேன்... என்னையக் கண்டா பயப்படறானேன்னுட்டு மேல ஏறலைங்க அம்மிணி."